திருமூர்த்தி வீட்டு இத்தாலிக் கண்ணாடி

காளப்பட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத் ‘திருமூர்த்தி வீட்டு இத்தாலிக் கண்ணாடி’ என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அங்கே இருக்கிற சாடி, கிண்ணம், பொம்மை என்று நாற்பத்தொரு உருப்படியையும் என் கையால் எடுத்துக் கொடுத்தவன் நான். அதில் ஒன்றைக்கூட நான் திருமூர்த்திக்குக் கொடுத்ததில்லை. எல்லாவற்றையும் வாங்கியவர் அவர் மனைவி புவனா. இதைச் சொன்னால், “ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்களே பாய்” என்கிறார்கள். ஒன்றுதான் என்றால் புவனா வீட்டுக் கண்ணாடி என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? அது மட்டும் ஒருவர் வாயிலும் வராது.

என் பெயர் யாகூப். உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். ஒரு பங்களாவை இடிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால், இடிக்கிறவனுக்கு முன்னால் நான் போய் நிற்பேன். கதவு, கட்டில், கடிகாரம், பீங்கான் என்று மொத்தமாகப் பேசி ஏற்றிக்கொண்டு வருவது என் தொழில். கோயமுத்தூர் மில் முதலாளிகள் அந்தக் காலத்தில் நூற்பு எந்திரம் வாங்க ஐரோப்பா போய்வந்தவர்கள். திரும்பும்போது பூச்சாடி, கிண்ணம், மீன் பொம்மை, சேவல் பொம்மை என்று கண்ணாடிச் சாமான்களும் பெட்டிக்குள் வந்தன. அவர்கள் காலம் முடிந்தது. அமெரிக்காவில் இருக்கும் வாரிசுகள் பங்களாவை அடுக்குமாடி கட்டுகிறவனுக்கு விற்றார்கள். கண்ணாடி என் கடைக்கு வந்தது.

எங்கள் ஊரில் பார்க்க நன்றாக இருக்கிற கண்ணாடிக்கெல்லாம் ஒரே பெயர்தான். பெல்ஜியம் கண்ணாடி. அப்பன் சொன்னதை நானும் சொல்லி விற்றுக்கொண்டிருந்தேன். பெல்ஜியம் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது.

புவனா முதன்முதலாக வந்தது இரண்டாயிரத்து ஒன்றில். சூலூரில் அவர்களுக்கு விசைத்தறி. தறிக் கொட்டகைக்குப் பழைய இரும்பு அலமாரி வேண்டுமென்று வந்திருந்தார். அலமாரியை விட்டுவிட்டு என் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேஜையில் நான் கழன்ற திருகாணிகளைப் போட்டு வைக்கும் தடித்த கிண்ணம் ஒன்று இருந்தது. என்னைக் கேட்காமலே திருகாணியை எல்லாம் பேப்பரில் கொட்டினார். முந்தானையால் கிண்ணத்தைத் துடைத்து, தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தார். உள்ளே நீலம், நீலத்தைச் சுற்றித் தேன் நிறம், அதைச் சுற்றி வெறும் தெளிவு. ஆறு வருடமாக அதில் துருப்பிடித்த ஆணி போட்டு வைத்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் அதில் நீலம் இருப்பதே தெரிந்தது.

“ஏனுங்க பாய், இது என்னங்க?”

“பெல்ஜியம் கண்ணாடிங்க அம்மணி.”

“ஒரு கண்ணாடிக்குள்ள இன்னொரு கண்ணாடி எப்புடிங்க போச்சு?”

அலமாரிக்குப் பேசிய விலையிலேயே கிண்ணத்தையும் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். சூலூரில் புதிதாகத் திறந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து தேடியிருக்கிறார். “பெல்ஜியம் இல்லீங்க பாய். இத்தாலி. வெனிஸ் பக்கத்துல முரானோன்னு ஒரு தீவு” என்றார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதைச் சொல்லும் முகம்.

அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். கையால் ஊதிய சாடிக்கு அடியில், பிடித்திருந்த கம்பியிலிருந்து ஒடித்தெடுத்த தழும்பு இருக்கும், அதை நல்ல பட்டறைக்காரன் தேய்த்துச் சமமாக்கியிருப்பான். பழைய சாமான் என்றால் அடிப்பாகம் மட்டும் நாள்பட்டு உராய்ந்து மங்கியிருக்கும், புதுசை ஏமாற்றி விற்கிறவன் அந்த மங்கலைச் சரியாகச் செய்ய மாட்டான். எப்போதாவது, மிக அபூர்வமாக, செய்தவன் ஊசியால் கீறிய கையெழுத்து அடியில் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் மதிப்பு பத்து மடங்கு. நாற்பத்தொன்றில் மூன்றுதான் அப்படிக் கிடைத்தது. மூன்றாவது கிடைத்த அன்றைக்கு அவர் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் டீ சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

வாங்கியது முழுக்க அவர் எருமை வளர்த்துப் பால் விற்ற காசில். அதில் திருமூர்த்தி தலையிட்டதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கைநீட்டுவது கிடையாது. “இவளுக்குக் கண்ணாடிக் கிறுக்குங்க” என்று சொந்தக்காரர்களிடம் சிரித்தபடி சொல்லுவார். அவ்வளவுதான்.

ஆனால் அந்த வீட்டில் கண்ணாடியை வைக்க இடம் இல்லை. இடம் இருந்தது, வைக்க முடியாது. தறிக் கொட்டகையும் வீடும் ஒரே சுவர். இருபத்துநாலு தறி ராப்பகலாக ஓடும். தரை அதிரும், சுவர் அதிரும், தண்ணீர்ச் சொம்பில் தண்ணீர் நடுங்கும். முதல் வருடம் அந்த நீலக் கிண்ணத்தோடு ஒரு சின்னச் சேவல் பொம்மையையும் அலமாரியில் வைத்திருந்தார். சேவல் அதிர்வில் நூல் நூலாக நகர்ந்து நகர்ந்து ஒன்பதாம் நாள் விளிம்பிலிருந்து விழுந்தது. அதோடு எல்லாம் கட்டிலுக்கடியில் போய்விட்டது. பழைய பருத்திச் சேலையில் சுற்றி, டிவி வந்த அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொரு பெட்டி மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம்கூடக் கரண்ட் இருக்காது. தறிக்காரர்கள் எல்லாம் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தி இரண்டு வருடத்தில் ஐந்து வயது கூடிப்போனார். அந்த வீட்டில் கரண்ட் போவதற்குக் காத்திருந்த ஒரே ஆள் புவனா. தறி நின்றதும் பெட்டியைத் திறப்பார். ஜன்னல் ஓரமாக ஒவ்வொன்றாக வைத்து, வெயில் அதற்குள் போவதைப் பார்ப்பார். கரண்ட் வருகிற நேரத்துக்குக் கால்மணி முன்னால் எல்லாவற்றையும் மறுபடி சுற்றி உள்ளே வைத்துவிடுவார். “ஊரெல்லாம் பொழப்புப் போச்சுன்னு கெடக்குது, நான் மட்டும் சந்தோசமா இருக்கறனுங்க பாய். பாவமில்லீங்களா?” என்று என்னிடம் கேட்டார். பாவம்தான் என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்த நாட்களில்தான் திருமூர்த்தி ஒரு வாக்குக் கொடுத்தார். தறி இல்லாத இடத்தில், தரை அதிராத இடத்தில் புது வீடு கட்டுவோம், அதில் முன் ஹாலில் ஒரு சுவர் முழுக்க உனக்கு. உன் கண்ணாடி எல்லாம் அங்கே நிற்கும், வருகிறவன் எல்லாம் பார்ப்பான். புவனா இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. சுவரின் நீளம், தட்டின் உயரம், எதற்குப் பக்கத்தில் எது நிற்க வேண்டும், காலை வெயில் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தார். நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. அந்தச் சுவர் ஒன்றுக்காகப் பன்னிரண்டு வருடம் அந்தத் தறிச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தார்.

திருமூர்த்திக்குப் பிறகு நல்ல காலம். ஏர்ஜெட் என்கிற புதுவகைத் தறி போட்டார். ஒரு தடவை மிலானில் நடந்த எந்திரக் கண்காட்சிக்குத் தறிக்காரர் சங்கத்து ஆட்களோடு ஆறு நாள் போய்வந்தார். முரானோவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச்சொல்லிப் புவனா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நேரமில்லை என்று அவர் போகவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டும் ஒரு படகு பொம்மை வாங்கி வந்தார்.

காளப்பட்டியில் வீடு எழும்பியது. சொன்னபடி ஹாலில் சுவரும் எழும்பியது. தேக்கில் தட்டு, தட்டுக்குத் தட்டு விளக்கு. புவனா வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து ஆசாரி என்ன செய்கிறார் என்று சொல்லுவார். இரண்டாயிரத்து இருபத்துமூன்று வைகாசியில் புதுமனை புகுவிழா.

அதற்கு ஒரு வாரம் முன்னால் திருமூர்த்தி எனக்குப் போன் செய்தார்.

“பாய், விசேசத்துக்கு வர்றவியளுக்குக் குடுக்கறதுக்கு முந்நூறு எவர்சில்வர் தட்டு வாங்கியிருக்கறனுங்க. பேரு வெட்டோணும். ஊட்டுக்கே வந்து வெட்டிக் குடுக்கற ஆளு இருக்குதுங்களா? கண்ணாடிலயும் வெட்டத் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லதுங்க.”

கண்ணாடி என்றதும் கார்க் கண்ணாடியில் நம்பர் வெட்டுவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். புதுக் கார் வாங்கியிருந்தார். ரசாக்கின் நம்பரைக் கொடுத்தேன். ரசாக் என் தெருக்காரன், பாத்திரக் கடைகளுக்குப் பெயர் வெட்டுகிறவன், அச்சடித்த மாதிரி எழுத்து. நல்ல ஆளை அனுப்பிவைத்த திருப்தியோடு நான் என் வேலையைப் பார்த்தேன். இதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

விழா அன்று நான் போனபோது பந்தி ஆரம்பித்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நாற்பத்தொன்றும் நின்றன. நானே கொடுத்ததுதான், ஆனால் அவை எல்லாவற்றையும் ஒன்றாக, விளக்குப் போட்டு நான் பார்த்ததே இல்லை. பச்சைக்குப் பக்கத்தில் ஊதா, ஊதாவுக்குப் பக்கத்தில் பொன்தூள் தெளித்த சிவப்பு. அவர் நோட்டில் வரைந்திருந்த அதே வரிசை. கிட்டப் போனேன்.

நீலக் கிண்ணத்தின் வயிற்றில் வெள்ளையாக எழுதியிருந்தது. ‘ப. திருமூர்த்தி, சூலூர்’. அதன் கீழே தேதி. அதைச் சுற்றி ஒரு சின்னப் பூக்கொடி. பக்கத்துச் சாடியைப் பார்த்தேன். ‘ப. திருமூர்த்தி, சூலூர்’. அடுத்தது மீன். மீனின் விலாவில் ‘ப. திருமூர்த்தி’. கையெழுத்து இருக்கிற மூன்று சாடியையும் தேடிப் பார்த்தேன். அதிலும் நடு நெஞ்சில் வெட்டியிருந்தது. ரசாக்கின் எழுத்து. ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை.

திருமூர்த்தி பட்டுவேட்டியோடு வந்து என் தோளைப் பிடித்தார்.

“நீங்க அனுப்புன ஆளு அருமைங்க பாய். ஒண்ணுகூட ஒடையாம வெட்டிக் குடுத்துப்போட்டான். இவதான் எப்பவும் சொல்லுவாளுங்க, பேரு இருந்தா மதிப்பு சாஸ்தின்னு. அதான் எல்லாத்துலயும் போட்டுவிட்டேன். அடியில போட்டா யாருக்குங்க தெரியும்? முன்னாடியே போடச் சொல்லிட்டேன்.”

அவருக்கு மனதார சந்தோஷம். மனைவிக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட முகம். செய்தவன் பெயரும் வாங்கியவன் பெயரும் வேறு என்று அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? என் வாய் சும்மா இருக்கவில்லை.

“வெட்டுனதுதான் வெட்டுனீங்க, அம்மணி பேரைப் போட்டிருக்கலாமுங்களே.”

அவர் சிரித்தார். “அவ பொறந்த ஊட்டுலருந்து கொண்டாந்த குடம், அண்டா எல்லாத்துலயும் அவ பேருதானுங்க இருக்குது. சீராக் கொண்டாந்ததுல அவ பேரு, நம்ம ஊட்டுல வாங்குனதுல நம்ம பேரு. அதானுங்களே மொறை?”

முறைதான். எங்கள் வீட்டிலும் அதே முறைதான். என் மனைவியின் பெயர் அவள் கொண்டுவந்த தாம்பாளத்தில் இருக்கிறது, வேறெதிலும் இல்லை. அதற்குள் யாரோ ஒரு மில் மேனேஜர் வந்து, “இதெல்லாம் எங்க புடிச்சீங்க?” என்று கேட்டார். “இத்தாலி போயிருந்தனுங்களே, அங்கிருந்து ஆரம்பிச்ச பழக்கமுங்க” என்றார் திருமூர்த்தி. அவர் இத்தாலி போனபோது முப்பது உருப்படி கட்டிலுக்கடியில் இருந்தது. மூன்றடி தள்ளி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு புவனா நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது என்று எனக்கு நிச்சயம்.

பந்தி முடிந்து நான் கிளம்பும்போது புவனா வாசல் வரை வந்தார்.

“பாத்தீங்களா பாய்?”

“எனக்குத் தெரியாதுங்க அம்மணி. ஆண்டவன் சத்தியமாத் தெரியாது. காருக்குன்னு நெனச்சு...”

“உங்களை யாருங்க குத்தம் சொன்னா? நேத்து அத்தையோட சாமி கும்புட சத்தியமங்கலம் போயிருந்தனுங்க, பண்ணாரி கோயிலுக்கு. தட்டு வெட்டறவருக்கு நாந்தான் சோறாக்கி வெச்சுட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பாத்தா இப்புடி. என்னங்க இதுன்னு கேட்டேன். ‘உன்ற பேரு வேற, என்ற பேரு வேறயா’ன்னு கேட்டாருங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றதுங்க? விடிஞ்சா விசேசம். ஊடு பூரா ஒறம்பரைச் சனம்.”

அவர் குரலில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிட்டீங்களா, பாயசம் போட்டாங்களா என்று விசாரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கொடுத்த தட்டிலும் ‘ப. திருமூர்த்தி, சூலூர்’ இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாமல் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் புவனா கடைக்கு வரவில்லை. போனும் இல்லை. இரண்டு நல்ல சாமான்கள் வந்தபோது போட்டோ அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. கடைசியில் கொச்சியிலிருந்து வந்த ஒருவனுக்கு விற்றேன். திருமூர்த்தி வீட்டுக் கண்ணாடியைப் பற்றிப் பத்திரிகையில்கூட வந்தது. விளக்குப் போட்ட சுவருக்கு முன்னால் அவர் கைகட்டி நிற்கும் படம். பேட்டியில் முரானோ, அடித் தழும்பு, அடுக்கடுக்கான நிறம் என்று எல்லாம் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றும் புவனாவின் வாய் வார்த்தை. அன்றைக்கு முழுக்க நான் கடையில் வந்தவனிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

போன தை மாதம் போத்தனூரில் பழைய ரயில்வே அதிகாரி ஒருவர் வீட்டைக் காலி செய்யப் போனேன். பீங்கானுக்கு நடுவில் ஒரு சாண் உயரச் சாடி. வெளியே தெளிவு, உள்ளே ஊதா, அதற்குள் தளிர்ப் பச்சை. தலைகீழாகத் திருப்பினேன். அடியில் ஊசியால் கீறிய கையெழுத்து. இருபத்துநாலு வருடத்தில் இவ்வளவு நல்ல ஒன்று என் கைக்கு வந்ததில்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன், கூடவே ‘இதையாவது வந்து பாருங்க அம்மணி’ என்று எழுதினேன்.

மறுநாள் வந்தார். வீட்டில் இரண்டு கார் இருந்தும் பஸ்ஸில் வந்திருந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. சாடியை எடுத்து வெளியே போய் வெயிலில் பிடித்தார். ரொம்ப நேரம் அப்படியே பார்த்தார். அடியைத் தடவிக் கையெழுத்தைப் படித்தார். பழைய புவனா வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உள்ளே வந்து சாடியை மேஜையில் வைத்தார்.

“எடுத்துக்கறனுங்க பாய். அந்தப் பேரு வெட்டறவரைக் கூப்புடுங்க.”

எனக்குப் புரியவில்லை. “எவனை? ரசாக்கையா?”

“ஆமாங்க. இங்கயே வெட்டி வாங்கிட்டுப் போயர்றேன்.”

நான் கத்திவிட்டேன். என்ன பேசுகிறீர்கள், இது எப்படிப்பட்ட சாமான் என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா, இதன் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் இது செத்துப்போகும், நாளைக்கு ஒரு பயல் கைநீட்டி வாங்க மாட்டான் என்றெல்லாம் சொன்னேன். தர முடியாது என்றும் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“தெரியுமுங்க பாய். உங்களுக்கே நாந்தானுங்களே சொன்னேன்.”

“பின்ன ஏனுங்க?”

“வெட்டாமக் கொண்டுபோனா அவரு வெட்டிப்போடுவாருங்க.”

ரசாக்கைக் கூப்பிட்டேன். அவன் தன் சின்ன மெஷினோடு வந்தான். பாவம், அவன் ஒன்றும் அறியாதவன். சாடியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுச் சரியான இடம் தேடினான். அடியிலா என்று கேட்டான். முன்னாடி என்றார் புவனா.

“பேரு சொல்லுங்கம்மா.”

“புவனா.”

“இனிஷியல் என்னங்கம்மா போடறது?”

புவனா சாடியின் விளிம்பை விரலால் தடவினார். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுடையது, அதற்குப் பிறகு திருமூர்த்தியுடையது. ரசாக் மெஷினைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இனிஷியல் வேண்டாமுங்க. வெறும் புவனா போதும்.”

மெஷின் சத்தம் ஆரம்பித்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று எழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பிப் பார்த்தபோது முடிந்திருந்தது. புவனா வெள்ளைப் பொடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஊதாவின் மேல் அவர் பெயர் பளிச்சென்று தெரிந்தது. கொண்டுவந்திருந்த பழைய பருத்திச் சேலையில் சாடியைச் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

“அந்தச் சுவத்துலீங்களா வெப்பீங்க?” என்று கேட்டேன்.

“அங்கெதுக்குங்க? என்ற பீரோவுல, சேலைக்கு அடியில வெச்சுப் பூட்டிக்குவேன்.”

“அங்க வெச்சா யாருங்க பாப்பாங்க அம்மணி?”

“நான் பாப்பனுங்க” என்றார். பிறகு, “கரண்ட் போறப்ப இல்லீங்க, அவரு இல்லாதப்ப” என்று சொல்லிவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.